பல்லில் தேள் கொட்டினால் தாடையில் நெறி கட்டும்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 36. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம், வீட்டிலேயே தையல் வேலை. மூன்று வாரமாக வலது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறது. முதலில் தொட்டால் வலித்தது, இப்போது அவ்வளவாக வலி இல்லை. மெடிக்கலில் சொல்லி ஐந்து நாள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன், கரைந்த மாதிரி இருந்து மறுபடி வந்துவிட்டது. மாமியார் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போட்டுவிடுகிறார். காய்ச்சல் இல்லை, பசி எடுக்கிறது. போன வருடம் அந்தப் பக்கம் கடைவாய்ப்பல் ஒரு மாதம் வலித்து அதுவாகவே சரியாகிவிட்டது. எங்கள் தெருவில் ஒருவருக்குக் கழுத்தில் கட்டி வந்து புற்றுநோய் என்று சொன்னார்கள், அதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் மகனுக்கும் (7 வயது) கழுத்தில் பட்டாணி மாதிரி இரண்டு மூன்று தட்டுப்படுகிறது. வீட்டுக்காரர் பொட்டலப் புகையிலை போடுவார், அவருக்குக் கட்டி எதுவும் இல்லை. இது ஒட்டுகிற நோயா, என்ன செய்வது?

பதில்: வணக்கம்மா. உங்கள் கடிதத்தில் கட்டியைப் பற்றி ஏழெட்டு வரி எழுதியிருக்கிறீர்கள், பல்லைப் பற்றி ஒரே ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு மாதம் வலித்த கடைவாய்ப்பல் வைத்தியம் எதுவும் இல்லாமல் ‘அதுவாகவே சரியாகிவிட்டது’ என்று யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும், ஏனென்றால் சொத்தை அப்படித் தானாகச் சரியாவதில்லை. பல்லுக்குள் இருக்கிற நரம்பு செத்துப்போகும், நரம்பு செத்தால் வலி நின்றுபோகும், அவ்வளவுதான். கிருமி உள்ளேயேதான் இருக்கும், வேர் நுனி வழியாகத் தாடை எலும்பு வரைக்கும் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருக்கும்.

நம் ஊரில் ஒரு பழமொழி சொல்வார்களே, பனைமரத்தில் தேள் கொட்டினால் தென்னைமரத்தில் நெறி கட்டுமாம் என்று. சம்பந்தமில்லாத இடத்தில் பலன் தெரிவதைக் கேலி செய்கிற பழமொழி அது. ஆனால் உடம்புக்குள் இந்தச் சம்பந்தம் கச்சிதமாக இருக்கிறது. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் அரையில் நெறி கட்டுகிறது, கையில் கொப்புளம் வந்தால் அக்குளில் கட்டுகிறது. இதை உங்கள் மாமியாரே உங்களுக்குச் சொல்லியிருப்பார். அதே நெறிதான் தாடைக்குக் கீழேயும் கட்டுவது. அங்கே கட்டும்போது மட்டும் நாம் அதை ‘கட்டி’ என்று வேறு பெயரில் கூப்பிட்டுப் பயந்துவிடுகிறோம்.

நெறி என்பது நிணநீர்க் கணு. உடம்பு முழுக்கச் சில நூறு இருக்கின்றன, அவற்றில் நிறையக் கணுக்கள் கழுத்தைச் சுற்றித்தான். ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் வருகிற கிருமியை அது வடிகட்டிச் சண்டை போடும், சண்டை நடக்கிற நாளில் வீங்கும். தாடையின் பக்கவாட்டில், எலும்புக்கு உள்பக்கமாக ஒட்டியிருக்கிற கணுக்களின் எல்லைக்குள் பெரும்பாலான பற்கள், ஈறு, கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் பக்கவாட்டு, வாயின் தரை, உதடு, மூக்கு எல்லாம் வரும். முகவாய்க்கு நேர் கீழே நடுவில் கட்டினால் கீழ் முன்பற்களையும் நாக்கு நுனியையும் பார்க்க வேண்டும். தாடை முடிகிற கோணத்துக்குக் கொஞ்சம் கீழே, காதுக்கு அடியில் என்றால் டான்சிலும் தொண்டையும். அதனால் ஒருவர் வந்து கட்டி என்று சொன்னதும் நான் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே டார்ச்சை எடுத்து வாயைத் திறக்கச் சொல்வேன்.

இதையும் நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்கு வந்த புதிதில், கிருஷ்ணகிரி பக்கம் புளி தட்டிக் கொட்டை எடுக்கிற வேலைக்குப் போகிற ஒரு அம்மா தாடைக்கடியில் வீக்கம் என்று வந்தார். நெறிதான் என்று நினைத்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் திரும்ப வந்தார், வேறு மாத்திரை எழுதினேன். மூன்றாவது முறை வந்து, ‘புளி தட்டப் போனா வீங்குது டாக்டரே, ஞாயித்துக்கிழமை லீவுல வத்திடுது’ என்றார். தூசி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று அதற்கும் ஒரு மாத்திரை எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன், பக்கத்து அறையில் இருந்த வயதான பல் டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, கையுறை போட்டு, ஒரு விரலை நாக்குக்கு அடியிலும் இன்னொரு கை விரல்களை வெளியே தாடைக்கு அடியிலும் வைத்து நடுவில் இருப்பதை மெதுவாக உருட்டிப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நாக்குக்கு அடியில் அரிசி மாதிரி கல் ஒன்று தட்டுப்பட்டது. உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாயில் கல். புளியைப் பார்த்தால், வாசனை பட்டால் வாயில் எச்சில் ஊறும் அல்லவா, ஊறின எச்சில் வெளியே வர வழியில்லாமல் சுரப்பி உப்பிக்கொள்ளும், வேலையில்லாத நாளில் மெதுவாக வடிந்துவிடும். அந்த அம்மா தன் வாயாலேயே நோயைச் சொல்லிவிட்டார், எனக்குத்தான் காது கேட்கவில்லை.

உங்களுக்கு இந்தச் சந்தேகம் தீர ஒரு சின்னச் சோதனை: சாப்பிட உட்காரும்போது, அல்லது ஊறுகாயை நினைத்தாலே வீக்கம் கூடி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் குறைகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அது நெறி இல்லை, சுரப்பி. உமிழ்நீர்க் கற்களில் பெரும்பாலானவை இந்தத் தாடைக்கடிச் சுரப்பியில்தான் வருகின்றன. இல்லை, மூன்று வாரமாக ஒரே மாதிரி நிற்கிறது என்றால் நெறி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதுதான்.

சரி, பல்லுக்கு வருவோம். நம் பக்கத்தில் பல்லைப் பார்ப்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது, அதற்கு முன்னால் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு ஃபுளோரைடு கறை படிந்த பல்தான். உங்கள் வயதுக்கு உங்களுக்கும் இருக்கலாம். பல் உருவாகிற சிறு வயதில், ஏறக்குறைய எட்டு வயது வரைக்கும், குடிக்கிற தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் பல்லில் வெள்ளைத் திட்டு, மஞ்சள் கோடு, பழுப்புக் கறை என்று வரும். அது அழகுப் பிரச்சினையோடு நின்றால் பரவாயில்லை. கறை கடுமையாகி எனாமல் பொரிந்து குழி விழுந்தால் அந்தக் குழி சொத்தைக்கு இடம் கொடுக்கும். அதோடு, ‘எங்க ஊர்த் தண்ணி அப்படி டாக்டர், எல்லாருக்கும் பல்லு இப்படித்தான்’ என்று சொல்லிச் சொல்லி, கறைக்கு நடுவில் கறுப்பாக ஒரு சொத்தை ஆழமாக இறங்கியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது, இரண்டு பல்லுக்கு இடையில் இருந்தால் டார்ச் அடித்தாலும் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும்.

மாத்திரை சாப்பிட்டபோது குறைந்து, நிறுத்தியதும் திரும்பியதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் எங்கோ எலி செத்துக் கிடக்கும்போது ஊதுபத்தி கொளுத்தின மாதிரி. செத்த நரம்புக்குள் இரத்த ஓட்டம் கிடையாது, இரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரையும் போகாது. வேர் சிகிச்சை செய்ய வேண்டும், பல்லைக் காப்பாற்ற முடியாத நிலை என்றால் எடுத்துவிட வேண்டும். பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும், கடைவாய்ப்பல் நரம்புக்கும் பார்வை நரம்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அப்புறம் அந்த ஐந்து நாள் மாத்திரை. அட்டை இருந்தால் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். அதில் லிவோஃப்ளாக்சசின் மாதிரி மருந்து இருந்தால் டாக்டருக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் கழுத்து நெறி காசநோயாலும் வரலாம், அந்த மருந்து காசநோயையும் பாதி அமுக்கிவிடும், பரிசோதனையில் பிடிபடாமல் நாள் கடத்தும். அதைவிடக் கெடுதல், வீக்கம் வற்றட்டும் என்று சில இடங்களில் போடுகிற ஸ்டீராய்டு ஊசி. நிணநீர்க் கணுவிலேயே வருகிற புற்றுநோய் ஒன்று உண்டு, லிம்ஃபோமா என்று பெயர், அந்தக் கட்டி ஸ்டீராய்டு போட்டதும் கரைந்த மாதிரி காட்டும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், இரண்டு மாதம் கழித்துத் திரும்பும்போது எங்கே ஆரம்பித்தது என்றே குழப்பமாகிவிடும். காரணம் தெரியாத கட்டிக்கு யாரும் உங்களுக்கு அந்த ஊசி போட விடாதீர்கள்.

நீங்கள் கேட்கப் பயந்து கேட்டிருக்கிற கேள்விக்கு வருகிறேன். புற்றுநோயாக இருக்குமா? கடிதத்தைப் படித்து யாராலும் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் நீங்கள் சொல்லியிருக்கிற அடையாளங்கள் அந்தப் பக்கம் சாயவில்லை. திடீரென்று வந்தது, வலியோடு வந்தது, மருந்துக்குக் குறைந்தது, இதெல்லாம் கிருமித் தொற்றின் குணம். புற்றுநோய் பரவிய நெறி பெரும்பாலும் வலியே இல்லாமல் கல் மாதிரி கெட்டியாக, அடியில் ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கும், வாரத்துக்கு வாரம் வளரும். லிம்ஃபோமா என்றால் ரப்பர் மாதிரி, வலி இல்லாமல், கழுத்தில் மட்டுமில்லாமல் அக்குள், அரையிலும் இருக்கலாம். காசநோய் நெறி இன்னொரு விதம். பழைய ஆட்கள் கண்டமாலை என்று சொல்வார்கள், மாலை கோத்த மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருக்கும், சிலருக்குச் சாயங்காலக் காய்ச்சலும் இராத்திரி வியர்வையும் எடைக்குறைவும் சேர்ந்து வரும், சிலருக்குக் கட்டியைத் தவிர வேறு எதுவுமே தெரியாது. அப்படியே காசநோயாக இருந்தாலும் மனசு உடைய வேண்டாம். ஆறு மாத மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்ததை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறார்கள், வங்கிக் கணக்குக்கே வரும். நுரையீரலில் இல்லாமல் நெறியில் மட்டும் இருக்கிற காசநோய் இருமலில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டாது, தட்டு டம்ளரைத் தனியாக வைக்கிற கொடுமையெல்லாம் தேவையில்லை.

நெல்லிக்காய் என்று எழுதியிருக்கிறீர்கள், அரைநெல்லியா பெருநெல்லியா? சிரிக்காதீர்கள், எனக்கு அது பெரிய வித்தியாசம். புளியங்கொட்டை அளவு, அதாவது ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டி மூன்று வாரமாக நிற்கிறது என்றால் பல் வைத்தியம் நடக்கும்போதே கழுத்துக்கு ஒரு ஸ்கேனும், இரத்தப் பரிசோதனையும், நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துவிடலாம், காத்திருக்க வேண்டாம். பல்லைச் சரிசெய்த நான்கு வாரத்துக்குப் பிறகும் சுருங்காமல் இருந்தாலோ, நடுவில் வளர்ந்தாலோ, ஊசி டெஸ்ட் செய்ய வேண்டும். மெல்லிய ஊசியால் கட்டிக்குள் இருப்பதைத் துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், இரத்தம் எடுக்கிற வலிதான். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று தெருவில் பேசுவதைக் கேட்டு நாள் கடத்தினவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அந்தப் பேச்சை நம்பாதீர்கள். சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021-ல் நம் பக்கத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையே வீட்டுக்கு வருகிறது, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விரலில் குத்திப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். சர்க்கரை கூடுதலாக இருந்தால் பல் கிருமி அடங்காது.

உங்கள் மகன் விஷயம் எளிது. ஓடியாடும் வயதில் சளி, தொண்டை, தலைப்பேன், முழங்கைச் சிராய்ப்பு என்று மாற்றி மாற்றி வந்துகொண்டே இருக்கும், அதனால் பட்டாணி அளவில் வழுக்கிக்கொண்டு நகர்கிற நெறி பெரும்பாலான பிள்ளைகளின் கழுத்தில் தட்டுப்படும். ஒல்லியான பிள்ளைக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவன் நன்றாகச் சாப்பிட்டு, எடை ஏறி, விளையாடிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். காறை எலும்புக்கு மேலே குழியில் ஏதாவது தட்டுப்பட்டால் மட்டும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், உடனே காட்ட வேண்டும். காய்ச்சலோடு நெறி கட்டி, உடம்பில் எங்கேயாவது பீடி நெருப்பு சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தாலும் அப்படித்தான். தோப்பிலும் புதரிலும் விளையாடுகிற பிள்ளைகளுக்குச் சிற்றுண்ணி கடித்து வருகிற ஸ்க்ரப் டைஃபஸ் அது, சரியான மருந்து கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும், தெரியாமல் விட்டால் ஆபத்து. பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் காதுக்கு முன்னாலும் கீழேயும் சேர்ந்து, காது மடலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், இந்தப் பட்டாணியோடு அதைக் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

உங்கள் மூன்று பேரில் நான் முதலில் பார்க்க ஆசைப்படுவது உங்களையும் இல்லை, மகனையும் இல்லை, ‘கட்டி எதுவும் இல்லை’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்களே, உங்கள் வீட்டுக்காரரை. குட்காவுக்கும் பான்மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013-லிருந்து தடை, பெட்டிக்கடையில் அதற்கும் ஒரு வழி இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். பொட்டலத்தை எந்தப் பக்கம் அடக்குகிறாரோ அந்தப் பக்கத்துக் கன்னத்தையும் ஈறையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, மூன்று வாரமாக ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். அவருடைய மூன்று விரலை நெட்டாக அடுக்கி வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள், போகவில்லை என்றால் வாய் இறுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வாய்ப் புற்றுநோயில் கட்டி பெரும்பாலும் பின்னால்தான் வரும், வாயில் வருகிறது முதல் அடையாளம். உங்கள் தெருக்காரருக்கும் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவர் புகையிலை போடுகிறவரா என்று நீங்கள் யோசித்துப் பாருங்கள். உங்களுடையது ஒட்டுகிற நோயா என்றால், இல்லை. மூன்று பேருக்கும் மூன்று கதை.

ஒன்றை மட்டும் பயமுறுத்தியே சொல்கிறேன். பல் கிருமி சிலருக்கு வேகமாக இறங்கும். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பலகை மாதிரி கெட்டியாக வீங்கி, வாய் திறக்க முடியாமல், நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்து, பேச்சு வாய்க்குள் கொழுக்கட்டை வைத்த மாதிரி ஆனால், அது இராத்திரி பன்னிரண்டு மணியானாலும் சரி, விடியட்டும் என்று படுக்காதீர்கள். மூச்சுக்குழல் அடைத்துவிடும், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போதைக்கு, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு காலை நேரம் கிளம்புங்கள், கிருஷ்ணகிரி பக்கம் சௌகரியம் என்றால் அங்கேயும் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் பல் பிரிவு, எக்ஸ்ரே எடுத்துவிட்டு காது மூக்கு தொண்டைப் பிரிவு. வீட்டுக்காரரைத் துணைக்கு வரச் சொல்லுங்கள், போன இடத்தில் அவர் வாயையும் காட்டிவிடலாம், தனியாக அழைத்தால் வர மாட்டார். கட்டியை ஒரு நாளைக்குப் பத்து முறை அமுக்கிப் பார்க்கிற பழக்கம் வந்திருக்கும், அதை நிறுத்துங்கள், அமுக்க அமுக்க வலி இருந்துகொண்டேதான் இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிறு காலை, தையல் டேப்பை வைத்து அளந்து எழுதி வையுங்கள். பல் சரியான பிறகும் நெறி வற்ற ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும், சிலருக்குப் பட்டாணி அளவில் கடைசிவரை நின்றுவிடும், அது தழும்பு மாதிரி.

சுண்ணாம்பை இன்றைக்கே கழுவிவிடுங்கள். மாமியார் அன்பாகத்தான் போடுகிறார், அவரிடம் சண்டை வேண்டாம், டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள். தோல் வெந்து புண்ணானால் அந்தப் புண்ணுக்கே இன்னொரு நெறி கட்டும், காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தால் பார்க்கிற டாக்டருக்கு அடியில் இருக்கிறது கட்டியா சுண்ணாம்பா என்றே தெரியாது.